மூன்றாம் மாடி ஜன்னல்

கெரின் ஏணியில் கால் வைத்தபோது காலை ஆறே முக்கால். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்திலிருந்து வந்த குளிர்காற்று காதைப் பிய்த்தது. நூற்று எண்பது படி ஏறி, கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்கு அடியிலுள்ள தரைக்கதவைத் தள்ளித் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம்வரை மனித முகம் கிடையாது. கணவன் பிரிந்து, மகளும் பெர்த்துக்குப் போனபின் அவளுக்கென்று மிஞ்சிய இடம் அந்தக் கூண்டுதான்.

கீழே இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த கடைகளும், ஒரு தங்கும் விடுதியும். பழைய முகப்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அதனால் பின்னால் இருந்த அறை, மாடி, படிக்கட்டு எல்லாவற்றையும் இடித்துவிட்டு முன்சுவரை மட்டும் நிற்க வைத்திருந்தார்கள். இன்று அதற்கு இரும்பு உத்தரங்களால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

கிரேன் நின்றது தெருப்பக்கம். சுவருக்குப் பின்னால் உத்தரம் இறங்குவது கெரினின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிற்கும் டாரில் வாக்கிடாக்கியில் வழி சொல்லச் சொல்ல இறக்குவாள். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. 'நில்லு' என்று எந்தக் கொம்பன் சொன்னாலும், டீ போடுகிறவனே சொன்னாலும், கொக்கி நின்றாக வேண்டும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இருபத்தாறு வருடத்தில் அவள் அதை மீறியதில்லை.

"வரட்டும்... மெதுவாம்மா. அடியில நிக்கறது என் தலை."

"ஹெல்மெட்டுக்குள்ள ஏதாவது இருக்கா என்ன?"

உத்தரம் மூன்றாம் மாடி ஜன்னல் உயரத்துக்கு வந்தது.

"நில்லு."

நிறுத்தினாள்.

"ஏன் கெரின் நிறுத்தின?"

"நீதானே நில்லுன்ன?"

"நானா? வாயே தொறக்கலையே!"

மறுபடி இறக்கினாள். மறுபடி அதே இடத்தில், "நில்லு." இந்தத் தடவை நன்றாகக் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். வெகுநாள் யாரோடும் பேசாமல் வறண்டுபோன குரல். அத்தனை உயரத்தில், பூட்டிய அறையின் ஈரக் கம்பளி வாடையும் அடித்தது.

கெரினைத் தவிர அங்கே வேலைக்குப் பெண்களே இல்லை.

டாரிலின் வாக்கிடாக்கியை வாங்கி ஃபோர்மேன் பாரெட் குறுக்கிட்டார். "காத்து ஏறுது, சுவர் ஆடுது. டாரில் அடியில நிக்கறான். இன்னொரு தடவை நிறுத்தினா வேற ஆளைப் போட்டுக்கறேன். அந்தக் கூண்டை நீ மறந்துடலாம்."

அவர் நகர்ந்ததும் டாரில் கிசுகிசுத்தான். "கெரின், அந்த ஜன்னல் ரூம்ல ஒருத்தி தனியா இருந்தாளாம். விடுதியை மூடினப்போ எல்லாரும் போனாங்க. அவ மட்டும் போகலையாம்."

"அப்புறம்?"

"யாரும் தேடலையாம்."

மூன்றாம் முறை.

"நில்லு."

பழக்கத்தில் லீவரைப் பிடித்திருந்த கை பின்னுக்கு வந்தது.

"நில்லேன்... இது என் இடம்."

கெரின் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள்.

உத்தரம் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே கைதட்டினார்கள். அவளுக்கோ தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. "பீர் குடிக்க வர்றியா?" என்று டாரில் கேட்டான். வழக்கம்போல், "நீ போ" என்றாள். வாக்கிடாக்கியை அணைத்துவிட்டுத் தரைக்கதவைத் திறக்கக் குனிந்தாள்.

டங்.

ஏணியின் அடிப்படியில்.

டங். டங்.

எட்டிப் பார்த்தாள். டாரில் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தான். ஏணியில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் ஏறி வந்தது. நாலைந்து படிக்கு ஒருமுறை நின்றது, முட்டிவலிக்காரர்கள் நிற்பதுபோல. இறங்க வேறு வழி கிடையாது.

அணைத்து வைத்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"மேல... ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?"

கெரின் பக்கத்துப் பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறக்கவில்லை. பெஞ்சின் மெத்தை மெல்ல அமுங்கியது.