உப்புப் பார்த்த நாக்கு

விடிந்தும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"பாருடி, என் பிள்ளை கண்ணைப் பாரு. மஞ்சளா கிடக்கு. எந்த மாத்திரையை மாத்திக் குடுத்தே?"

மருமகள் ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த பெட்டியைத் திறந்து, எட்டு மணி மாத்திரைகளைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. அதை அவன் உடம்பு வேற்றுப்பொருள் என்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் இந்த மாத்திரைகள். ஒருவேளைகூட அவள் தவறவிட்டதில்லை.

மாமனார் காலத்திலிருந்து அவர்களுக்குப் பன்றிக்கறிக் கடை. கூட்டம் வருவது குடலில் அடைத்த ஈரல் சாஸேஜுக்குத்தான். அரைத்த பச்சை ஈரலை நாக்கு நுனியில் வைத்து, உப்பும் மிளகும் சரியா என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒரே ஆள் அவள் கணவன். கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே உப்பு மாஸ்டர். ஆபரேஷனுக்குப் பிறகு பச்சைக்கறி வாயில் படவே கூடாது என்றார்கள். அன்றே அவள் கடைச்சாவியை வாங்கிக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டாள். வீட்டு அடுப்பிலும் எல்லாம் குழையக் குழைய வெந்தது.

"அண்ணி சமையலுக்குப் பல்லே வேண்டாம்" என்று கொழுந்தன் கேலி செய்வான். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் வைப்பாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டும், மூன்று மாதமாக ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டுக்கொண்டே வந்தது. காரணம்தான் பிடிபடவில்லை. மாமியார் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை என்று வந்தால் கண்மண் தெரியாது, அவ்வளவுதான்.

"உன் கிட்னியோட உன் வியாதியும் சேர்ந்து வந்திருச்சு... நல்ல இடத்துல வாங்கியிருந்தா என் பிள்ளை இப்படிக் கிடப்பானா?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேயும் மாமியார் மருமகளைத்தான் குறை சொன்னாள். போன வாரம் புதிதாக எடுத்த ரத்தத்தின் முடிவை டாக்டரம்மா கையில் வைத்திருந்தார்.

"ஹெபடைடிஸ் இ வைரஸ். சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் தானா சரியாயிடும். இவருக்கு எதிர்ப்புச் சக்தியை நாமளே அடக்கி வச்சிருக்கோம். அதனால போகாம உள்ளேயே தங்கிடுச்சு. பன்னி ஈரல் சரியா வேகலைன்னா அது மூலமா வரும். சாப்பிட்டாரா?"

"இல்லவே இல்ல டாக்டர். வீட்டுக்குள்ளயே விடறதில்ல" என்றாள் மருமகள்.

மாமியார் முந்தானையை முறுக்கினாள். "சாப்பிடலையே... உப்புதானே பார்த்தான்."

மருமகள் திரும்பிப் பார்த்ததும் மாமியாரே தொடர்ந்தாள்.

"சின்னவன் போடற உப்பு சரியில்லன்னு வாடிக்கையெல்லாம் போச்சு. இவ குளிக்கப் போற நேரம் பார்த்து அரைச்ச ஈரலை ஒரு கிண்ணத்துல கொண்டுவருவேன். நாக்குல வச்சுப் பார்ப்பான். அது சாப்பிடறதாம்மா?"

"அதுவே போதும்மா" என்றார் டாக்டரம்மா. "மருமகளைச் சொல்லாதீங்க. அவங்க பார்த்துக்கிட்டதாலதான் கிட்னி இன்னிக்கு வரைக்கும் ஓடுது."

பிறகு மருமகளிடம் நிதானமாகச் சொன்னார். வைரஸுக்கான மருந்து அவன் உடம்புக்கு ஒத்துவராது; எதிர்ப்புச் சக்தி எழுந்தால்தான் வைரஸ் போகும். அதற்கு மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அவள் கொடுத்த சிறுநீரகத்தையே அந்த உடம்பு தாக்கலாம்.

"குறைங்க டாக்டர்" என்றாள். "ஆள் இருந்தா போதும்."

நான்கு மாதத்தில் வைரஸ் போனது. சிறுநீரகமும் போனது.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே மாமியார் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "பழியைத் தூக்கி உன் தலையில போட்டேனேடி... என் கையாலேயே கெடுத்துட்டேனே."

"எழுந்திருங்க அத்தை. நாக்குல வச்சாலே வரும்னு உங்களுக்குத் தெரியாது." தூக்கி நிறுத்தி மார்போடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

உள்ளே அவன் கையில் இரண்டு குழாய்கள் ஓடின. "நீ குடுத்ததைத் தொலைச்சுட்டேன்" என்றான்.

"குடுத்தது போகட்டும்." அவள் குரல் உடைந்தது. "அத்தை என்னைத் திட்டறப்பல்லாம் நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? பச்சைக்கறி வாயில படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். 'நாக்குல வச்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்களே."

"நீ கோவிச்சுக்குவேன்னு பயந்தேன்."

அதற்காகவா ஒருவன் மனைவியை மூன்று மாதம் குற்றவாளியாக நிற்க வைப்பான்? அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் அழுவான், தான் இரங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அப்படி இரங்கிவிடும் தன் மனசையே அவளுக்கு இப்போது தாங்க முடியவில்லை.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எப்போ வருவே?"

அவள் குனிந்து தன் பையை எடுத்தாள்.

வாசலில் நின்ற மாமியார் உள்ளே வந்தாள். "அவளைக் கேக்காதே. அவளுக்காகப் பேச வேண்டிய நேரத்துல நீ பேசல. இப்ப அவளா பேசற வரைக்கும் நீ காத்திரு."

மருமகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா, பஸ் ஏத்திவிடறேன்."