ஸ்கேன் தொடாத ஃபோல்டர்

அந்த ஃபோல்டரையும் வைரஸ் ஸ்கேன் தாண்டிப் போனது. கடைசி நோயாளி கிளம்பிப் போயும் கிராம்பு எண்ணெய் வாசனை கலையாத அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில், பின்னறையில் காற்று மோட்டார் விட்டுவிட்டு உறுமுவதைக் கேட்டபடி, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு நகர்ந்தது, ஒரு பெயரை விட்டுவிட்டு மறுபடி நகர்ந்தது.

எக்ஸ்ரே எடுக்கும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஆன்டிவைரஸைச் சந்தேகப்பட்டு கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்திருந்தாள்.

“படம் சேவ் ஆகுறப்பவே அதையும் சோதிச்சா மெஷின் திணறும்மா. அதான் எக்ஸ்ரே ஃபோல்டருக்கு மட்டும் நான் விலக்கு போட்டு வெச்சேன். செட்டிங்ஸ்ல அது இருக்கா பாருங்க.”

“ரெண்டு ஃபோல்டருக்கு இருக்கே.”

“நான் ஒன்னுதான் போட்டேன். இன்னொன்ன எடுத்துடுங்க. காவல்காரன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி அது. உள்ள என்ன வளருதுன்னே தெரியாது.” அவர் போனை வைத்தார்.

இரண்டாவது ஃபோல்டரின் பெயர் பட்டு.

பட்டு, இந்த மருத்துவமனையின் டாக்டரான அக்காவின் மகள். பால்பல் விழ ஆரம்பித்த வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அக்கா ஒடிந்துபோனாள். அவளுக்குத் துணையாக, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து இந்த மேஜையில் உட்கார்ந்தவள் இவள். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். குழந்தையின் போட்டோக்களை அக்கா ஒளித்து வைத்திருக்கிறாள் போல என்று நினைத்தாள். அவற்றைப் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தாள்.

போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாமே எக்ஸ்ரே.

முதல் படத்தில் ஒரு கடைவாய்ப் பல், மேலே வெள்ளையாகக் கேப், பக்கத்தில் உடைந்த மூலையோடு இன்னொரு பல். அந்த உடைந்த மூலையை அவள் நாக்கு தினமும் தடவுகிறது. அவளுடைய பல்தான். ட்ரில் சத்தம் கேட்டாலே அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள் என்பதால், மாதாமாதம் அக்காவே தூங்க வைக்கும் ஊசி போட்டு, வலியே தெரியாமல் வைத்தியம் பார்த்தாள். அக்கா ஊசி எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியவள் அவள்.

வேருக்குக் கீழே, எலும்புக்குள், ஒரு சின்னப் பால்பல் இருந்தது.

அக்காவின் மேஜையில் ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. பட்டுவுக்கு முதலில் விழுந்த பல் அதில் இருந்தது. குப்பி காலியாகிப் பல மாதங்கள் ஆகின்றன. எங்கே என்று கேட்டபோது, பார்த்தாலே அழுகை வருது, எடுத்து வெச்சுட்டேன் என்று அக்கா சொன்னாள். இவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அடுத்த படத்தில் பால்பல் இரண்டு. அதற்கடுத்ததில் ஒரு வரிசை. பிறகு அந்த வரிசைக்குக் கீழே ஒரு சின்னத் தாடை. கடைசிப் படத்தில் அவளுடைய முன்பற்களுக்குப் பின்னால் குட்டிப் பற்கள், நடுவில் பட்டு சிரித்தால் தெரியும் அதே இடைவெளி.

முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்ச நாளாகச் சொரசொரவென்று இருந்தது. பல்லுல படிஞ்ச காரைதான்டி, விடு என்றிருந்தாள் அக்கா. கூடப் பிறந்தவளே இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைத்தபோது பயத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

செட்டிங்ஸுக்குப் போய்ப் பட்டு ஃபோல்டரின் விலக்கை எடுத்தாள்.

திரை சிவந்தது. முதல் படம், ஆபத்து, நீக்கவா? இரண்டாவது படம், ஆபத்து, நீக்கவா? ஒவ்வொரு கேள்விக்கும் வாய்க்குள் ஏதோ ஒன்று குறுகியது. பயந்த குழந்தை சுருண்டுகொள்வதுபோல.

பின்னறையில் மோட்டார் நின்றது.

ஈரச் செருப்புச் சத்தம். ரப்பர் வாசனை. அக்காவின் கையுறைக் கை மவுஸ் மேல் இருந்த அவள் கையை மூடியது.

“அதை ஏன்டி எடுத்தே?” குரலில் கோபமே இல்லை.

“எனக்கு என்னக்கா பண்ணே?”

“உனக்கு ஒன்னும் ஆகாது. கொஞ்சம் இடம்தானே எடுத்துக்கிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

அக்கா அவள் விரலை வைத்தே விலக்கை மறுபடி போட்டாள். சிவப்பு அணைந்தது. பச்சை.

பிறகு அவள் முன்னால் மண்டியிட்டாள். கண்களைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

“பயந்துட்டியாடா பட்டு? இனிமே யாரும் உன்னைத் தேட மாட்டாங்க.”

அவள் உதடுகளை இறுக்கினாள். பல்லைக் கடித்தாள். பின்னால் இருந்த குட்டிப் பற்கள் கடிக்கவில்லை. அவை திறந்தன. நாக்கின் நுனியைப் பிடித்தன. மெதுவாக. இறுக்கமாக.

கத்த முடியவில்லை. நாக்கை அசைக்க முடியவில்லை. தாடை தானாக இறங்கியது.

“அம்மா,” என்றது அவள் வாய்.

அக்கா மேஜை விளக்கைத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து, ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.