இடப்பக்கம் நின்றவன்

மூன்று தரம் கேட்டான். அவள் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை. பலேர்மோ ரயில் நிலைய வாசலில் நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகேரியா ரயிலில் வந்திறங்கிய கீர்த்திகன் பஸ் தரிப்பில் அவளைக் கண்டான். நெற்றியில் சின்னப் பொட்டு. இமையில் ஒரு மழைத்துளி... விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி.

"தமிழோ? குடைக்குள்ள வாறீங்களோ?"

அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நனையிறியள்... குடைக்குள்ள வாங்கோ."

அதற்கும் திரும்பவில்லை. மூன்றாம் தரமும் கேட்டுப் பார்த்துவிட்டு, சலிப்போடு அவளைச் சுற்றி வலப்பக்கம் வந்தான்.

"பெரிய மகாராணி எண்ட நினைப்பு!"

அது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. திரும்பினாள். அப்பா... என்ன கண்கள்! அவ்வளவும் கோபம்.

"ஆரைச் சொல்லுறியள்?"

நல்லவேளை, பஸ் வந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து, நகரின் கால்சாப் பகுதியிலுள்ள ஒரு கிளினிக்கில், அதே கண்கள் தரை துடைக்கும் தடிக்கு மேலால் அவனை முறைத்தன.

குடும்ப வைத்தியத்துக்குப் பயிற்சி பெறும் ஆறு டொக்டர்களில் கீர்த்திகனும் ஒருவன். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகவேண்டும். அதற்கு முன் ஒரு வாரம் அவர்களைத் தயார்ப்படுத்துவது தலைமைத் தாதி அகஸ்ரீனாவின் பொறுப்பு. பொறுமை அவளுக்குக் கிடையாது. ஒவ்வொருவரும் ஐந்து பேரின் பத்துக் காதுகளுக்குள் பார்த்து, கண்ட செவிப்பறையைக் கீறிக் காட்டவேண்டும். பத்துப் படம் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. அடுத்த வருஷம்தான்.

"புத்தகத்தைக் கீறாதே, காதைக் கீறு!" என்று நாலு தரம் அவன் தாளைக் கிழித்துவிட்டாள்.

அவன் பார்க்கவேண்டிய ஐந்தாவது ஆள் வரவில்லை. அகஸ்ரீனா சுற்றிப் பார்த்தாள்.

"ஆரணி, தடியை வை. இங்கே உட்கார்."

ஆரணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. யாழ்ப்பாணத்தில் உயிரியல் பட்டம். இங்கே தரை. வருகிற திங்கள் முதல் தொலைபேசி மேசை உனக்குத்தான் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆனால் மூன்று கிழமையாக அவளுக்கு இடது காது கேட்கவில்லை.

"வாயைத் திறவாதை பிள்ளை. தெரிஞ்சால் உனக்குக் கடைசி மட்டும் தடிதான்" என்று கூட இருக்கும் ஞானாம்பிகை மாமி எச்சரித்திருந்தா. ஊரின் காவல் புனிதை சாந்தா ரோசலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி நேர்த்தியும் வைத்தா. பலனில்லை.

வலது காதைக் காட்டினாள். அவன் காதை மெதுவாக மேலும் பின்னுமாக இழுத்தான். விரல் ஒன்று கன்னத்தில் ஊன்றியது.

"கன்னத்தில கை வைக்கிறியள்!"

"சின்னவிரல் மட்டும். நீங்கள் அசைஞ்சால் கையும் சேர்ந்து அசையவேணும். இல்லாட்டி உள்ளுக்குக் குத்திப்போடும். இதுதான் முறை."

"நல்ல முறை..."

வலது காதின் படம் கீறி முடிந்தது.

"மற்றக் காது?"

"காட்டேலாது."

"ஏன், வீட்டில வைச்சிட்டு வந்தியளோ?"

அவள் எழுந்து தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாயும் இதே கதை. புதனும் இதே கதை.

வியாழன், அவளுக்கு இடப்பக்கமாக வந்து, "அகஸ்ரீனா வாறா!" என்றான். அவள் அசையவில்லை. தொடர்ந்து துடைத்தாள்.

அவனுக்குப் பஸ் தரிப்பு ஞாபகம் வந்தது. முன்னால் வந்து நின்றான்.

"அண்டைக்கு உங்களுக்குக் கேக்கேல்லை... என்ன?"

அவள் கண்கள் நிரம்பின. "சொல்லிப்போடாதேங்கோ. மேசை போயிடும்."

"ஒருக்காப் பாத்தால் என்னெண்டு..."

"வேண்டாம்!"

வெள்ளிக்கிழமை அகஸ்ரீனா தாள்களை எண்ணினாள். "ஒன்பது. பத்தாவது எங்கே? அந்தப் பெண் காட்டவில்லையா?"

"காட்டினாள். நான்தான் பார்க்கத் தவறிவிட்டேன்."

"அப்படியென்றால் அடுத்த வருஷம் வா."

கதவடியில் நின்ற ஆரணிக்கு இது கேட்டது. மடையன்! வலது காதுப் படத்தைப் பார்த்து ஒரு பொய்ப் படம் கீறியிருக்கலாமே... எனக்காக ஒரு வருஷத்தைத் தொலைக்க இவனை ஆர் கேட்டது?

தடியைச் சுவரில் சாத்தினாள். கதிரையில் தொப்பென்று அமர்ந்து இடது கன்னத்தைத் திருப்பினாள்.

"பாருங்கோ!"

அவன் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"செவிப்பறை தெரியேல்லை. ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது. உள்ளுக்கு ஏதும் வைச்சனீங்களோ?"

ஆரணிக்குத் திக்கென்றது. மூன்று கிழமைக்கு முன் காதுக்குள் குத்துவலி. மாமி உள்ளிப்பூண்டுப் பல்லொன்றைப் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டா. காலையில் பஞ்சை எடுத்தாள். உள்ளி...?

அவன் காது கழுவும் தண்ணீர் ஊசியை எடுக்க, அகஸ்ரீனா அவன் கையில் ஓர் அடி போட்டாள். "தண்ணீர் பட்டால் ஊதி இறுகிவிடும்! கொக்கியை எடு."

மறுபடி கன்னத்தில் சின்னவிரல். இந்தமுறை அவள் குறை சொல்லவில்லை. தட்டில் 'டிக்' என்று விழுந்தது, பழுப்பேறிய உள்ளிப் பல்லு.

அகஸ்ரீனா அதை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். "நாங்கள் இதை ஸ்பகெற்றிக்குத்தான் போடுவோம்."

குழாய் சொட்டியது. தெருவில் ஒரு வெஸ்பா உறுமியது. மிகக் கிட்ட, அவன் மூச்சு. எல்லாம் இடப்பக்கமிருந்து! பட்டதாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் வந்தது.

சிவந்திருந்த செவிப்பறையைச் சிவப்பாகவே கீறினான். அகஸ்ரீனா காதுக்கு மருந்து கொடுத்தாள், தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை அவன் பிரிவுக்கு, நீ தொலைபேசிக்கு. பிந்தினால் இருவருக்கும் தடிதான்."

மாலை. அதே பஸ் தரிப்பு, அதே மழை. அவன் அவளின் இடப்பக்கம் வந்து நின்றான்.

"குடைக்குள்ள வாறீங்களோ?"

அவள் திரும்பவில்லை.

"ஆரணி... குடைக்குள்ள வாங்கோ."

தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பயம் பிடித்தது. குனிந்து, மெதுவாக...

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. குடை நீட்டின திங்கட்கிழமை முதல் பிடிச்சிருக்கு. கேக்குதோ?"

இமையில் நின்ற துளி விழுந்தது. அவள் குடைக்குள் வந்தாள்.

"முதல் தரமே கேட்டது. நீங்கள்தான் விஷயத்துக்கு வர மூண்டு தரம் எடுத்தனீங்கள்."