மோந்து பார்த்த கூண்டு

ஃபினாயில் மணக்கவில்லை. வாளியில் அவள் இரண்டு மூடி ஊற்றி, போதாதென்று மூன்றாவதும் ஊற்றி, குனிந்து மூச்சை ஆழ இழுத்தாள். கண் எரிந்தது, மூக்கில் மட்டும் ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னலில்லாத அந்த நீள அறையில் நானூறு எலிகள் மரத்தூளைக் கிளறும் சரசரப்பும், காற்றை உறிஞ்சும் விசிறியின் முனகலும், மூடாத குழாயின் சொட்டும் எப்போதும்போலக் கேட்டன. எலி மூத்திரத்தின் காரநெடிதான் இல்லை. குளித்தாலும் தலைமயிரை விட்டுப் போகாத நெடி.

பக்கத்தில் கூண்டு தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவளிடம் சொன்னாள்.

"இந்த நாத்தத்துல மூக்கு போச்சுன்னா, நீ குடுத்து வெச்சவடி" என்றாள் அவள்.

கூண்டு கழுவுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, கழுவிய கூண்டுக்குள் முகத்தை விட்டு மோந்து பார்ப்பார்கள். நெடி மிஞ்சினால் கூண்டு திரும்பி வரும். மறுபடி முதுகொடிய வேண்டும். கடைசி வரிசை எலிகளுக்கு, பெயிண்டைக் கரைக்கிற ஏதோ திரவத்தின் ஆவியைக் காட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலிக் கூண்டில் என்ன இருக்கப்போகிறது என்று மூன்று மாதமாக அந்தக் கூண்டுகளையும் மோந்து வந்தாள்.

மறுநாள் காலை, எட்டு மாதப் பிள்ளையைக் குளிப்பாட்ட முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. ஊற்றினாள். பிள்ளை வீறிட்டது. மாமியார் ஓடிவந்து சொம்பைப் பிடுங்கி, ஆவி பறக்கிறதே, கண் அவிந்தா போயிற்று என்று கத்தினாள். சின்னத் தொடை சிவந்து கிடந்தது. பிள்ளையை அவள் மார்பில் போட்டுக்கொண்டாள். அது விம்மி விம்மிக் குடித்தது. குடிக்கக் குடிக்க அவள் அதன் வாயையே பார்த்தாள். தன் உடம்பில் ஏறியது பாலில் இறங்காதா?

ஆராய்ச்சிக்காரரிடம் நேரே போனாள். யாரையும் கடிந்து பேசாத மனிதர். மேஜையில் மின்சாரத்தில் சூடேறும் சூட்டுத்தட்டு, அதன்மேல் கடைசி வரிசை எலி ஒன்று. நல்ல எலி என்றால் பத்து நொடிக்குள் காலை நக்கும், துள்ளும். இது நின்றது. சூட்டை ஏற்றினார். நின்றது. இன்னும் ஏற்றினார். நின்றது. எலியை எடுத்துக் கூண்டில் போட்டுவிட்டு, தட்டை அணைக்காமலே எழுத ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் சொன்னாள். மோந்தது. ஃபினாயில். வெந்நீர்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா சார்? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

பேனாவை மூடினார். இடக்கையை ஊன்றி, ஆறுதலாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"தாராளமா குடும்மா. ஏழு வருஷமா இந்த ரூம்லதான் கெடக்கேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

சிரித்தார்.

மெல்லிய சுர்ரென்ற சத்தம். புகை. அவளுக்கு மணக்காத புகை. தட்டின்மேல் ஊன்றிய உள்ளங்கை. விரலோரம் வெளுத்து, பழுத்து, கருகியது.

கையை எடுக்கவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று, சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.