ஆமென் சொல்லாத வீடு

சிலிம் ரிவர் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் பிரியும் மண் சாலையில் பவித்ரன் காரைத் திருப்பியபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் அது பால்மரத் தோட்டம், ரப்பர். இப்போது அந்த மரமும் இல்லை, பால் வெட்டியவர்களும் இல்லை. மிஞ்சியிருப்பது தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை, ஒரே ஒரு லயம்தான். அதிலும் கடைசி வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

கண்ணாடியை இறக்கியதும், மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் நாற்றம் குப்பென்று ஏறியது. பால் வெட்டு நின்று எத்தனையோ வருடமான இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசிக்கவில்லை. அவன் கவலை வேறு. காரின் பின்னால், ஸ்பேர் டயருக்கு அடியில், பழந்துணியில் சுற்றிய ஒரு பிராந்திப் புட்டி இருந்தது.

ஈப்போவில் டயர் கடை வைத்திருக்கும் பவித்ரனைச் சபையில் தெரியாதவர் கிடையாது. குடியை விட்டவன். அவன் சாட்சி சொல்ல எழுந்தால் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடுவார்கள். அவன் ஜெபித்தால் வீட்டில் இருப்பது எதுவானாலும் ஓடிவிடும் என்று பேராக் முழுக்கப் பேச்சு. அதனால்தான் இங்கேயும் கூப்பிட்டிருந்தார்கள். போன மழைக்காலத்தில் அவன் மறுபடி தொடங்கிவிட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. ஊருக்குத்தானே உபதேசம்!

மனைவி தினேஸ்வரிக்குச் சந்தேகம் உண்டு. காலையில் மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவ அந்த வாடையோட உள்ள வந்தீங்க, புள்ளைய தூக்கிட்டு பாகான் செராய்க்கு அக்கா வீட்டுக்குப் போயிருவேன்லா. அப்புறம் தனியா ஒக்காந்து சாட்சி சொல்லிக்குங்க."

"கர்த்தர் அறிய நான் தொடல," என்றான் பவித்ரன். வாய் கூசவில்லை. வரும் வழியில், காம்பாரைத் தாண்டி மழைக்கு ஒதுங்கியபோது இரண்டு மடக்கு குடித்தான். அதன்மேல் ஒரு புதினா மிட்டாய்.

அவனைக் கூப்பிட்டனுப்பிவிட்டு வாசலில் நின்ற நல்லம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். பேச்சைச் சுற்றி வளைக்காமல், பின்கட்டு அறையின் கதவைக் காட்டினார்.

"எங்கப்பா ஐயாவு இந்த ரூம்லதான் செத்தாரு தம்பி. தோட்டத்துக் கோயில்ல ஜெபக்காரரு. அவரு ஜெபம் பண்ணா கங்காணிகூட அழுவாரு. ஆனா ராத்திரி ஆனா இங்க பூட்டிக்கிட்டு சம்சு சாராயம் குடிப்பாரு. காச்சல்ல கெடந்தப்பகூட கதவத் தொறக்கல. டாக்டர் உள்ள வந்தா வாடை தெரிஞ்சிருமேன்னு. அப்படியே போயிட்டாரு."

"இப்ப என்ன பண்ணுது?"

"ஜெபம் பண்ணுது."

பவித்ரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"எங்க கோயில்ல ஜெபம் பண்றவங்க ஆமென் சொல்ல மாட்டாங்க," என்றார் நல்லம்மாள். "கேக்கற சனந்தான் சொல்லணும். அதான் அவரு ஜெபம் முடியவே மாட்டேங்குது. யாராச்சும் சொல்லுவாங்களான்னு பாத்துக்கிட்டே இருக்காரு. எங்கண்ணன் சொல்லிட்டான். அப்புறம் அவனும் அதே ரூம்ல, அதே மாதிரி, கதவச் சாத்திக்கிட்டுத்தான் போனான். நீங்க எதக் கேட்டாலும் சரி, ஆமென் மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா அந்த ஜெபம் ஒங்களோடதாயிரும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நான் எத்தன வீடு பாத்தவன்!"

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அதன் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் சிலுவை இருந்த இடத்தில் வெளுத்த தடம். ஒட்டுப்பால் நாற்றத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. குடித்தவனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டாம். சம்சு.

நிலைப்படியில் ஜெப எண்ணெய் தொட்டு வைத்தான். குரலை உயர்த்தி ஜெபித்தான். வீடு அதிர ஜெபித்தான். வெளியே நிற்கும் கிழவிக்கும் கேட்கட்டுமே என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

மழை சட்டென்று நின்றது.

கட்டில் பக்கத்திலிருந்து யாரோ மெல்ல இருமினார்கள்.

பிறகு அந்தக் குரல் ஆரம்பித்தது. அவசரமில்லாத, கனிந்த கிழக்குரல். பவித்ரனின் கழுத்து மயிர் சிலிர்த்தது. ஆனாலும், உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படியொரு அழகான ஜெபத்தை அவன் கேட்டதே இல்லை.

"தகப்பனே, விழுந்து கிடக்கிற இந்தச் சனத்தின் நடுவே என்னை நிற்க வைத்தீரே. குடிகாரர் மத்தியில் என்னைச் சுத்தமாய்க் காத்தீரே. என் வாயைக் கேட்டு இவர்கள் அழுகிறார்களே. என்னைப்போல் ஒருவன் இவர்களுக்கு வேறு யார் இருக்கிறான்…"

இழுத்து நின்றது. அந்த இடைவெளியை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவனும் அங்கேதான் நிறுத்துவான். சபை பதில் சொல்லும்.

தொட்டில் பழக்கம் சும்மா விடுமா?

"ஆமென்," என்றான் பவித்ரன்.

காதோரம், மிக அருகில், ஒரு நீண்ட பெருமூச்சு. பாரம் இறக்கி வைத்தவன் விடும் மூச்சு.

ஜெபம் மறுபடி தொடங்கியது.

இந்த முறை அவன் குரலில்.

கதவுக்குப் பாய்ந்தான். தாழ்ப்பாள் அசையவில்லை. "விலகிப் போ!" என்று கத்த வாயெடுத்தான். அவன் சொல்வதற்கு முன்பே அந்தக் குரல் அதைச் சொல்லிவிட்டது. அவன் அதட்டல், அவன் அடுக்குமொழி, அவன் தழுதழுப்பு, கண்ணைத் துடைத்துக்கொள்ள அவன் விடும் இடைவெளி எல்லாமே அதனிடம் இருந்தன. எதைத் தொடங்கினாலும் அது முந்திக்கொண்டது. கடைசியில் அவனிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை.

ஈரச் சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்தான். கோயிலில் மண்டியிடும் அழகெல்லாம் இல்லை, மூட்டை சரிந்த மாதிரி விழுந்தான்.

"காருல டயருக்கு அடில புட்டி இருக்கு," என்றான். குரல் கீச்சிட்டது. "இன்னைக்கும் குடிச்சேன். ஒங்க பேரச் சொல்லி பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னேன். விட்டுட்டேன் விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்றேன். என்னால விட முடியலப்பா. பயமா இருக்கு."

குரல் நின்றது.

இந்த வார்த்தைகள் அதற்குத் தெரியவில்லை.

தாழ்ப்பாள் தானாக விலகிக் கதவு திறந்தது. வாசலில் நல்லம்மாள் ஒரு கிளாஸ் தேஓவோடு, பால் சேர்க்காத தேநீரோடு நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஏளனமாக ஒரு பார்வைகூட இல்லை. "எனக்குக் கேட்டு என்ன தம்பி, வீட்டுல போய்ச் சொல்லுங்க," என்றார்.

புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தான். வழியெல்லாம் மிட்டாய் போடவில்லை. வீட்டுக்குள் அந்த வாடையோடேயே நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தினேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. கூடத்து மூலையில் மகளின் துணிகளோடு ஒரு பை ஏற்கெனவே தயாராக இருந்தது.

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள். "நாளைக்குக் குடிக்காம வாங்க. அதுக்கு மறுநாளும் வாங்க. பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதுவரை அவன் தொடவில்லை. பாஸ்டர் வழக்கம்போல, "நம்ம பவித்ரன் பிரதர் சாட்சி சொல்லுவாரு," என்றார். அவன் எழுந்தான். மைக்கைக் கையில் வாங்கவில்லை.

"சொல்ல ஒண்ணுமில்ல. நான் மறுபடியும் குடிச்சேன். ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில் ஒருவர் விம்மினார். தினேஸ்வரி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் அப்படித் தொட்டு! பாரமில்லாமல் இருப்பது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தான். அந்த நிமிடம் பொய்யில்லை.

எல்லோரும் கண்ணை மூடி அவனுக்காக ஜெபித்தார்கள். அவன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். எத்தனை பேர் அழுகிறார்கள்! அப்போதுதான், பூனைபோல, அந்த நினைப்பு உள்ளே வந்தது.

இந்தச் சபையில் என்னைப்போல் தன்னைத் தாழ்த்தியவன் வேறு யார் இருக்கிறான்?

அவன் உதடு அசையவில்லை.

பின்னால், யாரும் உட்காராத கடைசி வரிசையில், யாரோ மெல்ல இருமினார்கள்.

"ஆமென்," என்றது அந்தக் கனிந்த கிழக்குரல்.

பவித்ரன் திரும்பவில்லை. அந்த லயத்திலிருந்து திரும்பியது முதல் அவன் தண்ணீரையும் தேஓவையும் தவிர வேறு எதையும் குடித்திருக்கவில்லை.

தினேஸ்வரி கண்ணைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள். அவன் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் தாழ்ந்த குரலில், "சம்சு வாடை வருது?"

அவள் கை அவன் கையை விட்டது.