நான்காவது அடி

பெரம்பூர் நிலையத்திலிருந்து அன்று காலை மூன்றாவது ரயிலும் ஆளில்லாமல் கிளம்பியது. நடைமேடையில் ஆயிரம் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, பின்னாலிருந்து யாரோ கூப்பிடப்போவதைப் போல.

"நேத்து காலையிலேருந்து இப்படித்தான் ஆன்ட்டி. தண்ணிகூட குடிக்கல," என்றாள் நசீமா, பக்கத்தில் கைப்பையோடு நின்ற எமில்டாவிடம். முன்வரிசையில் நின்ற நீலச் சட்டைக்காரர் அவள் கணவர் சாதிக்.

ஒரு பாட்டு மனிதரை எந்த நொடியில் பிடித்து இழுக்கிறது என்று அளக்கும் ஈர்ப்புமானியைச் செய்தவர்களில் நசீமாவும் ஒருத்தி. நாற்பது வருஷத்துக்கு முன் ரயில்வே காலனிப் பையன்கள் பதிவுசெய்த ஒரு ப்ளூஸ் ராக் பாட்டை இன்னமும் ஊரே கேட்பது ஏன் என்று அதில் போட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் முள் எகிறியது. டிரம் மூன்று அடி அடித்து, நான்காவதை விட்டுவிடுகிறது. கிட்டார் தந்தி அந்த வெற்றிடத்தை நோக்கி வளைந்து வளைந்து போகிறது. ஆட்கள் சட்டென்று ஏறட்டும் என்று அந்த இழுப்பை மட்டும் வடித்தெடுத்து ரயில் கதவு மணியாக வைத்தார்கள். கேட்டவர்கள் வராத நான்காவது அடிக்காகக் காத்து அப்படியே நின்றுவிட்டார்கள். அதை வடிகட்டும் காதடைப்பான் நசீமாவிடம் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை.

"மெஷின் எந்த அடியைப் போட்டாலும் யாரும் அசையல. அங்க என்னதான் வரணும்?"

"கிளமெண்ட் வரணும்," என்றாள் எமில்டா. "என் வீட்டுக்காரர். செவ்வாய்க்கிழமை காய்ச்சல்ல போயிட்டார். வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங். டிரம்ஸுக்கு வேற ஆள் வந்தான். நாலாவது அடியைத் தொடாதே, அது அவன் இடம்னுட்டான் கிட்டார் ரூபன். ஒவ்வொரு தடவையும் அங்க வந்து, இதோ வந்துடுவான்னு பார்ப்பான், பாவி."

"உங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"நாப்பது வருஷமா நான் அங்கதானே நிக்கிறேன்."

கைப்பையின்மேல் அவள் விரல் பழக்கத்தில் தட்டியது: ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் அந்த இடைவெளி. பையைத் திறந்து ஒத்திகைக் கேசட்டை எடுத்தாள். "அவர் அடிச்சது இது ஒண்ணுலதான் இருக்கு. பத்திரம்மா."

நசீமா அதை ஓடவிட, ஒலிபெருக்கியில் கிளமெண்டின் அடி விழுந்தது. கனமாக, அவர் வழக்கப்படி ஒரு மயிரிழை தாமதமாக.

ஆயிரம் தலைகள் நிமிர்ந்தன. அடுத்த ரயில் வந்ததும் எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். நசீமா காதடைப்பானைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். "சாதிக்! இருங்க, நான் வந்துட்டேன்!"

சாதிக் திரும்பி அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு, இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைப் போல ஏறிக்கொண்டார். கை நழுவிய பெண்குழந்தை ஒன்று நடைமேடையில் அழுதது. அதன் அம்மா உள்ளே ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கியில் மறுபடி அந்த அடி விழுந்தது. மூடிய கதவின் முன் நின்ற நசீமாவின் முகம் மெல்லத் தெளிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியேறிப் போனாள். எமில்டாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவளே அவள்தான்; இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேசட்டைத் திரும்ப வாங்கவேண்டும் என்று எமில்டாவுக்குத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். விரல் தானாகத் தட்டியது.

ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு.