கொட்டாவிப் பாட்டு

குடைக் கம்பி சரியாக அவன் காதோரத்தில் வந்து குத்தியது.

"ஆ!"

"ஐயையோ... ஸாரி, ஸாரி!" என்று குடைக்குச் சொந்தக்காரி சட்டென்று திரும்ப, கூடவே குடையும் திரும்பி, இன்னொரு கம்பி அவன் கிடார்ப் பையின் வாரில் வசமாக மாட்டிக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேரும் மழைக்கு ஒதுங்கிச் சமர்த்தாக நிற்க, இவர்கள் இருவர் மட்டும் ஒரு குடையோடும் ஒரு கிடாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்."

"எது? பையா, குடையா?"

"ரெண்டுல எது விலை ஜாஸ்தியோ அது!"

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையில் ஒரு மழைத்துளி... அதைத் துடைக்கக் கை ஒழியாமல் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறப்பதற்கு முன்னாலேயே பாதியைச் சொல்லிவிடுகிற கண்கள். அவ்வளவுதான், அடுத்து என்ன பேச வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"கிடாருக்கு மழைக்கோட்டு போர்த்தி விட்டிருக்கீங்க. உங்களுக்கு?" என்றாள்.

"நான் நனைஞ்சா காய்ஞ்சுடுவேன். இது நனைஞ்சா அப்புறம் சோறு போடாது."

"ஓ... பாட்டுக்காரரா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. எங்கம்மா மட்டும் இன்னும் 'வேலை தேடற பையன்'னுதான் சொல்றாங்க."

மறுபடி அந்தச் சிரிப்பு... பாழாய்ப்போன பேருந்து மற்ற நாளெல்லாம் காக்க வைக்கும், அன்றைக்குப் பார்த்து உடனே வந்து தொலைத்தது.

பாட்டுக்காரன் பகலில் ஒரு தையல் கடையின் மாடியில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக் கொடுப்பான். கூப்பிட்டால் விருந்து மண்டபங்களில் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய சந்தையில் சும்மாவே பாடுவான். மழைக்காலம் முழுக்க, தன் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிற அந்த நிறுத்தத்தில் தினமும் சாயங்காலம் அவன் எதற்காகப் போய் நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அசடு வழிந்திருப்பான்.

அவளும் வருவாள். பேசுவார்கள். காதலிக்கிறவர்கள் பேசுகிற பேச்சாகவா இருந்தது அது? உலகத்தில் இல்லாத விஷயமெல்லாம் பேசினார்கள்.

"மண்டபத்துல எப்பவும் ஒரு ஸ்பீக்கரைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பி வச்சிடுவேன்," என்றான் ஒரு நாள். "முன் வரிசைக்காரங்க சாப்பிடற மும்முரத்துல பாட்டையே கேக்க மாட்டாங்க. உள்ள பாத்திரம் கழுவறவங்கதான் உண்மையாக் கேப்பாங்க. ஆனா அவங்க காதுல விழணும்னு எவனுமே நினைக்கிறதில்ல. அரசியல்னா என்னன்னு யாராவது கேட்டா, எனக்கு அந்த ஸ்பீக்கர்தான் ஞாபகம் வரும். அதை எந்தப் பக்கம் திருப்பறோம்... அவ்வளவுதான் விஷயம்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இதை எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன். யாரும் கேக்கறதில்ல."

"நான் வேலை பாக்கற இடத்துலயும் அப்படித்தான். முன்னால இருக்கறவங்க பேசுவாங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கவே கேக்காது."

"என்ன வேலை?"

கொஞ்சம் யோசித்தாள். "மத்தவங்க பேசறதை எழுதற வேலை."

"பத்திரிகையா?"

"அந்த மாதிரின்னு வச்சுக்குங்களேன்," என்று பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிட்டாள். அவனும் விட்டுவிட்டான். அவள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது... எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் பேருந்து வரவே இல்லை. நின்று நின்று கால் கடுத்த ஒரு பெரியவர், "தம்பி, கையில கிடாரை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறியே, ஒண்ணு பாடேன்," என்றார். அவன் அவளைப் பார்த்தான். பாடுங்களேன் என்றன கண்கள். போதாதா? தலைகால் புரியவில்லை அவனுக்கு. தன்னிடம் இருப்பதிலேயே பேர்பெற்ற பாட்டை எடுத்துவிட்டான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. பழைய சந்தையை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக நகராட்சி சொன்னது. மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பாட்டுக்காரனுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேசையில் பெரிய அதிகாரி வாய்க்குள்ளேயே என்னவோ பேசினார். பக்கத்தில் சாய்வாக உட்கார்ந்திருந்த ஸ்டெனோ பெண், வாயில் கை வைத்துக்கொண்டு... கொட்டாவி விட்டாள்! இங்கே இத்தனை குடும்பம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே கொட்டாவி! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே பாட்டு வந்துவிட்டது.

*சந்தை போகுது சந்தை போகுது சத்தமில்லாம,*
*ஸ்டெனோ அம்மா கொட்டாவி விட்டா வெட்கமில்லாம!*

இந்த இடத்தில் அவன் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்துவான். உடனே கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து "ஆ...வ்" என்று நீளமாக ஒரு கொட்டாவி விடும். அப்புறம்தான் அடுத்த வரி. சந்தையில் அதற்காகவே ஆட்கள் வருவார்கள்.

பேருந்து நிறுத்தத்திலும் அத்தனை பேரும் கொட்டாவி விட்டார்கள். பெரியவர் இரண்டு தரம் விட்டார்.

அவள் மட்டும் விடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான், பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

"மெட்டு நல்லா இருக்கு. இது உங்க பாட்டுன்னு எனக்குத் தெரியாது." குரல் தணிந்திருந்தது. "அந்த ஸ்டெனோ முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எங்க... பாதி முகத்தைக் கை மறைச்சிருந்துச்சே."

அவள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாள். மெதுவாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்தினாள். "இப்ப?"

அதே பக்கவாட்டு முகம், அதே கை.

"அன்னைக்குக் கூட்டத்துல, சந்தைப் பழக்கடை அக்கா பேசணும்னு கையைத் தூக்கிக்கிட்டே நின்னாங்க. அதிகாரி பாத்துட்டும் பாக்காத மாதிரி 'அடுத்தது'ன்னாரு. எழுதறவ பேசக் கூடாது. அது என் வேலையில முதல் விதி. ஆனா எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, 'சார், அந்தம்மா நிக்கிறாங்க'ன்னு. கத்திடுவேனோன்னு பயந்து பொத்திக்கிட்டேன்... அதைத்தான் நீங்க ஊர் முழுக்கக் கொட்டாவியா விட வச்சிருக்கீங்க."

"எனக்கு... நான் வந்து..."

"எங்கப்பா சவரம் பண்ணும்போது இந்தப் பாட்டைத்தான் பாடறாரு. அது நான்தான்னு அவருக்கே தெரியாது. நான் அடுத்த அறையில காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "நியாயம் கேக்கறீங்க, சரிதான். கையெழுத்துப் போடறவர் எங்க உங்க பாட்டுல? அவரைப் பாட பயம். என்னைப் பாட பயமில்ல. உங்க ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்துக்குங்க."

வந்து நின்ற பேருந்தில் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பேருந்தே இல்லை.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தத்துக்கு வரவில்லை. முதலில் அவனுக்கு ரோஷம்தான் வந்தது. பாட்டு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், இதற்குப் போய் இவ்வளவு கோபமா... இரண்டு நாள் அப்படியே வீம்பாகத் திரிந்தான். மூன்றாவது நாள், பிள்ளைகள் போன பிறகு, கிடாரைச் சுதி சேர்க்க உட்கார்ந்தபோது வீம்பு இறங்கிவிட்டது. ஒரு தந்தி சரியில்லை என்றால் மற்றதும் பொய்யாகத்தான் கேட்கும், எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் அது மறையாது. முதலில் எழுதிய வரியில் அதிகாரிதான் இருந்தார் என்பது அப்போது ஞாபகம் வந்தது. அதை அடித்துவிட்டு ஸ்டெனோவைப் போட்டவன் அவனேதான். ஊரில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகம் அந்த மனிதருடையது. ஸ்டெனோவிடம் என்ன இருக்கிறது, ஒரு பென்சிலைத் தவிர? அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் தாங்கவில்லை அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பழக்கடை அக்காவிடம் போய், "அந்தக் கொட்டாவி வரியை எடுக்கப்போறேன்க்கா," என்றான்.

அக்கா கையிலிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "உனக்கென்ன பைத்தியமா? அந்த வரிக்குத்தான் கூட்டமே வருது. பக்கத்துத் தெருக்காரன்கூட அதைக் கேட்டுட்டுத்தான் நம்ம பக்கம் வந்தான்."

"அந்தப் பொண்ணு கொட்டாவி விடலக்கா. நீங்க கையைத் தூக்கி நின்னதைப் பாத்துத் தாங்க முடியாம வாயைப் பொத்திக்கிட்டா."

அக்கா ஆரஞ்சைத் திரும்ப எடுத்துத் துடைத்தாள். "சரி, பாவம்தான். அதுக்காக? இத்தனை குடும்பத்துக்காக ஒரு பொண்ணு கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

"ஊர் நல்லதுக்காகச் சந்தைக்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்னுதானேக்கா அந்த ஆபீஸ்லயும் சொல்றாங்க?"

அக்கா அவனை முறைத்தாள். "போடா... வாய்தான் உனக்கு," என்று ஆரஞ்சு அடுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கால் வைக்க இடமில்லை. அவள் வந்திருப்பாளா? கண் தேடித் தேடி ஓய்ந்தது... காணோம். இன்றோடு அனுமதியும் போகலாம், பேரும் போகலாம். பாடினான்.

*சந்தை போகுது சந்தை போகுது சத்தமில்லாம,*
*கையெழுத்துப் போட்ட கையைச் சொல்ல தைரியமில்லாம,*
*பாட்டுக்காரன் பழியைப் போட்டான் கேட்டுப் பாக்காம!*

தந்திகளை அமுக்கி நிறுத்தினான். பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் "ஆ..." என்று ஆரம்பித்து, குழம்பிப் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்கள்.

"பழசைப் பாடுய்யா!" என்று ஒரு குரல்.

"பழசு பொய்ங்க," என்றான் மைக்கில். "அந்தப் பொண்ணு கொட்டாவி விடல. நமக்காகத் துடிச்சவ. நான் கடைசி வரிசையிலிருந்து பாத்துட்டு, கேக்காம கொள்ளாம பாடிட்டேன். ஸ்டெனோவைப் பாடினா யாரும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாதில்ல... அதான். கொட்டாவி விடணும்னா இனிமே என்னைப் பாத்து விடுங்க."

யாரும் அசையவில்லை. அப்போது பழக்கடை அக்கா ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, அவனைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆ...வ்!" என்று ஒரு கொட்டாவி விட்டாள் பாருங்கள்... சந்தைக் கூரையே பெயர்ந்துவிடும் போலச் சிரிப்பு கிளம்பியது. அடுத்த சுற்றில் மொத்தச் சந்தையும் அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. தன்னைப் பார்த்து ஊரே சிரிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. வரமாட்டாள் என்று தெரிந்தும் நிறுத்தத்தில் போய் நின்றான். காதோரத்தில் ஏதோ குத்தியது.

"ஆ!"

"இந்தத் தடவை வேணும்னுதான் குத்தினேன்," என்றாள் அவள்.

அவன் காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பினான். அவளே பேசினாள்.

"அப்பா நேத்து சந்தைக்கு வந்திருந்தாரு. காலையில சவரம் பண்ணும்போது புது வரியைப் பாடினாரு. பாடிக்கிட்டே இருந்தவரு சட்டுனு நிறுத்திட்டு, முகமெல்லாம் நுரையோட என் அறைக்கு வந்து, 'அந்தப் பொண்ணு நீயாம்மா?'ன்னு கேட்டாரு..." குரல் உடைந்தது. "இவ்வளவு நாள்ல முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட கேட்டாங்க."

"முதல்ல நான் கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

"உங்க ஆபீஸ்ல எனக்கு இனிமே மைக் கிடைக்காது."

"தெரியும். நாலு மாசத்துக்குக் கிடையாதுன்னு இன்னைக்குக் காலையில நான்தான் டைப் அடிச்சேன்." சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மைக் இல்லாம பாடத் தெரியுமா?"

"ஒருத்தருக்கு மட்டும்னா தெரியும்."

சொல்லிவிட்டான்! தன் காதையே நம்ப முடியவில்லை அவனுக்கு. இனி பின்வாங்குவதற்கு இல்லை. "நான்... சுத்தி வளைக்கத் தெரியாதுங்க. வீடு இந்தப் பக்கமே இல்ல எனக்கு. மழைக்கு ஒதுங்கறதாச் சொல்லிக்கிட்டுத் தினமும் உங்களுக்காகத்தான் வந்தேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. காலம் பூரா பிடிச்சிருக்கும்னு தோணுது."

அவள் ஒரு பக்கமாகத் திரும்பினாள். மெதுவாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும்... ஈரமாக, அகலமாக.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்," என்றாள் கைக்குள்ளிருந்து.

அவன் வாய் வரை ஒரு பதில் வந்தது. சிரிப்பு என்று சொல்லலாம், அழுகை என்று சொல்லலாம், ஒரு பாட்டே எழுதிவிடலாம். ஒன்றும் சொல்லாமல் விழுங்கினான்.

"தெரியலைங்க. நீங்களே சொல்லுங்க... நான் கேட்டுக்கறேன்."

அவள் கையை எடுத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள்.